இசுருகியின் கண்ணுக்குள் போன முகங்கள்

ஏப்ரல் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பதுக்கு, சுருவோக்கா நகரத்து லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் ஒன்றின் மேலாளர் ஒகிட்சுவின் முகம் மறைந்துபோனது. ஊழியர்கள் பதினோரு பேரும் அப்போதுதான் வரிசையில் நின்று நிறுவனத்தின் ஐந்து உறுதிமொழிகளையும் ஒரே குரலில் சொல்லி முடித்திருந்தார்கள். மேலாளர் இசுருகியை முன்னால் அழைத்து, அந்த மாதத்துப் புகார்களை எல்லார் காதிலும் விழும்படி வாசித்தார். இசுருகி அவரை நேராகப் பார்த்தான். பார்வையின் நடுவில் காப்பிக் கறை போல வட்டமாக ஒன்று படிந்தது. மேலாளரின் புருவத்துக்கும் தாடைக்கும் இடையில் இருந்ததெல்லாம் அதற்குள் போய்விட்டது. அந்த இடத்தில் உரித்த முட்டை போல வெறும் தோல் இருந்தது. மற்றவர்களும் பார்த்தார்கள். ஒருவருக்கு முகம் இல்லை என்பதை அவரிடமே சொல்வது மரியாதையாகாது என்பதால் யாரும் வாய் திறக்கவில்லை. மதியம் மேலாளர் நூடுல்ஸ் கிண்ணத்தை அந்தத் தோலில் வைத்துச் சாய்த்தார், கிண்ணம் காலியானது.

இசுருகிக்கு வயது நாற்பத்தொன்று. மன்னிப்புக் கேட்பதுதான் பதினாறு வருடமாக அவன் வேலை. எங்காவது லிஃப்ட் நடுவழியில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்டவரின் வீட்டுக்கு இனிப்புப் பெட்டியோடு போய், அவர் நிமிரச் சொல்லும்வரை இடுப்பை வளைத்து நிற்க வேண்டும். ஜூன் முடிவதற்குள், அவனைப் பார்த்துக் கத்தியவர்களில் இன்னும் எட்டுப் பேரின் முகங்கள் கறைக்குள் போயின. அந்த ஊரில் யாராக இருந்தாலும் செய்யக்கூடியதையே அவனும் செய்தான். முகத்தை எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்க, ஒன்பது வீடுகளுக்கும் பெட்டியோடு போனான். “அடடா, இதுக்குப் போயி வந்தீங்களா? ஒரு தொந்தரவும் இல்லீங்க” என்று எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்து திரும்பும்போதும் கறை இன்னும் கொஞ்சம் அகன்றிருந்தது.

கண் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். “விழித்திரைக்கு அடியில தண்ணி கோத்திருக்கு. சுவத்துல பெயின்ட் உப்புமே, அந்த மாதிரி. மனசுல பாரம் ஏறினா சிலருக்கு இப்படி ஆகும். மூணு மாசம் லீவு போடுங்க, தானா வத்துதான்னு பாப்போம்.”

“நான் லீவு போட்டா, என் குனிவை வேற யாராவது குனியணுமே டாக்டர்” என்றான் இசுருகி. அவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

அவன் பயமெல்லாம் சிகுசாவைப் பற்றி. அவன் மகள், அந்த ஏப்ரலில்தான் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அவளோடு பேசும்போது அவளுடைய இடது காதுக்கு ஒரு சாண் தள்ளியே பார்ப்பான். “சுவத்துக்கிட்ட என்னங்க பேச்சு? பொண்ணு இங்க இருக்கா” என்று மனைவி ஓரியே குத்திக்காட்டுவாள். ஜூலை பன்னிரண்டு, ஞாயிறு காலை, சிகுசா அவன் மடியில் ஏறி இரண்டு கையாலும் அவன் தலையைத் திருப்பினாள். “எம்மேல கோவமாப்பா? ஏன் என்னைப் பாக்கவே மாட்டேங்கிறீங்க?” அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். அவள் விரலால் இமையை விரித்தாள். அவ்வளவுதான், அவள் முகமும் போய்விட்டது.

ஓரியேவின் கையில் சோற்றுக் கரண்டி அப்படியே நின்றது. வாய் இருந்த இடத்திலிருந்து சிகுசாவின் குரல் வழக்கம்போல வந்தது.

“இங்க நிறைய பேர் இருக்காங்கப்பா. வரிசையா குனிஞ்சு நிக்கிறாங்க. ஒகிட்சு மாமாவும் நிக்கிறாரு. தரையெல்லாம் தண்ணி.”

“யாரைப் பாத்துக் குனியுறாங்க?”

“உங்களைத்தான். அவங்க மூக்கு நுனிக்குத் தண்ணி வந்திருச்சு. எனக்குத் தாடை வரைக்கும்.”

“அப்பாவை மன்னிச்சிரும்மா” என்றான் இசுருகி.

“ஏறுதுப்பா. அப்படிச் சொல்லாதீங்க, தண்ணி ஏறுது.”

யாரையும் நிமிரச் சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. நாக்கு இரண்டு முறை மன்னிப்பின் பக்கமே திரும்பியது. இரண்டு முறையும் அதைக் கடித்து நிறுத்தினான். பிறகு, “போதும். எல்லாரும் நிமிருங்க” என்றான். உடனே மேலாளரின் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு, நாளையிலிருந்து மூன்று மாதம் வரமாட்டேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். அந்த அழைப்பின்போது அவன் முதுகு வளையவில்லை என்று ஓரியே பின்னால் பக்கத்து வீட்டில் சொன்னாள்.

ஆகஸ்டில் தண்ணீர் சிகுசாவின் இடுப்புக்கு இறங்கியது, செப்டம்பரில் கணுக்காலுக்கு. முகங்கள் ஒவ்வொன்றாக உரியவர்களிடம் திரும்பின. மேலாளருக்கு மூக்கு நுனி மட்டும் தண்ணீர் பட்டுச் சிவந்திருந்தது, அதையும் யாரும் பேசவில்லை. சிகுசா முகம் இல்லாமலே பள்ளிக்குப் போனாள், ஆசிரியை வருகைப் பதிவில் குறித்துக்கொண்டார். வந்தவர்களை வாசல்வரை போய் வழியனுப்பாமல் வீட்டுப் பிள்ளை கிளம்பக் கூடாது என்பதால், மற்ற எல்லாரையும் அனுப்பிவிட்டு அவன் கண்ணுக்குள்ளிருந்து கடைசியாகத்தான் வந்தாள். அக்டோபர் ஒன்பது, வெள்ளி, காலை ஏழேகாலுக்கு முகம் வந்தது. வெகுநேரம் ஊறிய விரல் நுனியைப் போலச் சற்றுச் சுருங்கியிருந்தது. ஓரியே அதைத் துண்டால் துடைத்துவிட்டு, சூப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். இசுருகி எதிரே உட்கார்ந்து, மகளை நேராகப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தான்.