அதிராத சீட்

ஹோம் தியேட்டர் என்பது பெரிய வார்த்தை. அண்ணன் வீட்டில் அது மாடியில் சும்மா கிடந்த ஓர் அறை. ஜன்னலை பிளைவுட் அடித்து மூடிவிட்டு, நாலு சாய்வு சீட் வாங்கிப் போட்டார். அவருக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, கூடவே தங்கியிருக்கும் அண்ணியின் தம்பிக்கு ஒன்று. நாலாவது தங்கைக்கு. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அம்மா போன பிறகு அவளை அண்ணன்தான் வைத்திருந்தார். வைத்திருப்பதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியும் காட்டினார்.

ஒவ்வொரு சீட்டின் அடியிலும் வயரிங்காரர் ஒரு ஷேக்கரைப் பொருத்தியிருந்தார். காதுக்கு வேலை வைக்காத ஸ்பீக்கர் அது. படத்தில் இடி இடித்தால் சீட்டைப் பிடித்து உலுக்கும், முதுகுத்தண்டு வரை அதிரும். அண்ணனும் மச்சினனும் ஒரு ஜோடி, அண்ணியும் தங்கையும் ஒரு ஜோடி. ஜோடிக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வயர் ஓடியது.

முதல் படத்தில் ஒரு லாரி வெடித்தது. தங்கை துள்ளி எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள், சீட்டைத் தடவிப் பார்த்தாள், பிறகு வாய்விட்டுக் கத்தினாள். சந்தோஷத்தில்தான். முப்பது வயதில் முதல் தடவையாக ஒரு சத்தம் அவளைத் தேடி வந்திருக்கிறது, கத்தாமல் என்ன செய்வாள்? தன் குரல் எவ்வளவு பெரிது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அதன்பிறகு ஒவ்வொரு வெடிக்கும் கத்தினாள்.

"என்னக்கா இது, படம் பாக்கற மாதிரியா இருக்கு? மாட்டுக் கொட்டகையில உக்காந்த மாதிரி இருக்கு" என்றான் தம்பி.

அண்ணன் வயரிங்காரரைக் கூப்பிட்டார். "அவ சீட்ட மட்டும் கட் பண்ணிடுப்பா."

"கட் பண்ணா மேடம் சீட்டும் செத்துடும் சார். ரெண்டும் ஒரே கோர்வை."

"அவளோடத விட்டுட்டு வயர நேரா இழுத்துடு."

"ஆம்ப்ளிஃபையர் தாங்காது சார், சூடாகி நின்னுடும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஏதாவது பண்ணு."

வயரிங்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் தெரிந்ததைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் ரகம் அவர். "ஷேக்கரக் கழட்டிட்டு அந்த எடத்துல ஒரு ரெசிஸ்டர் போடலாம். கரண்ட்டத் தின்னுட்டு சும்மா சூடாகும், அசையாது. மத்த மூணும் வழக்கம்போல ஆடும்."

"அப்புறம் என்ன, போடு."

தங்கை வாசலில் நின்று பார்த்தாள். தன் சீட்டைப் புரட்டிப் போட்டிருப்பதைக் கண்டதும், இன்னும் பலமாக அதிர வைக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டாள். ஓடிப்போய் டீ போட்டு வந்து அவர் கையில் கொடுத்தாள். இரண்டு கைகளாலும் காற்றைப் பிடித்து உலுக்கிக் காட்டி, இப்படியா என்று புருவத்தை உயர்த்தினாள். அவர் ஆமாம் என்று தலையாட்டினார். கோழைக்கு அதுதான் சுலபம். டீயைக் குடித்துவிட்டு ரெசிஸ்டரைப் பொருத்தினார்.

சரிபார்க்கப் படத்தைப் போட்டார்கள். திரையில் பாலம் இடிந்து விழுந்தது. தங்கை காத்திருந்தாள். சீட்டைத் தட்டினாள், குனிந்து அடியில் பார்த்தாள். அண்ணியின் சீட்டில் உள்ளங்கையை வைத்தாள், அது அதிர்ந்தது. எழுந்துபோய் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்து, என்னுடையது ஏன் இல்லை என்று கையால் கேட்டாள்.

அண்ணன் அவள் வாயைச் சுட்டினார். தன் வாயைப் பிளந்து கத்துவதுபோல் நடித்தார். பிறகு சீட்டைக் காட்டிக் கையை விரித்தார். நீ கத்தினால் அது நின்றுவிடும்.

"செம மாமா!" என்று தம்பி தொடையைத் தட்டிச் சிரித்தான்.

"சார், அவங்க நெசம்னு நெனச்சு..." என்று வயரிங்காரர் இழுத்தார்.

"நீ கிளம்புப்பா. நல்லா பண்ணியிருக்க."

அவரும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அன்றிலிருந்து படம் போடும் முன்பே தங்கை வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொள்கிறாள். திரையில் எது வெடித்தாலும் மூச்சுக்கூட வெளியே வராது. மற்றவர்களின் உடம்பு குலுங்குவதைப் பார்க்கும்போது, தான் பொத்தியது போதவில்லை என்று இன்னும் அழுத்திப் பொத்துகிறாள்.

"எவ்ளோ சமத்தாயிட்டா பாருங்க" என்று அண்ணிக்குப் பெருமை.

போன வாரம் அடுப்படியில் கொதிக்கும் எண்ணெய் அவள் காலில் கொட்டிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். அண்ணி நாலடி தள்ளி, முதுகைக் காட்டியபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். பேசி முடிக்கும்வரை திரும்பவில்லை.