சுவரில் வந்த கேள்வி

கல்லூரி வேலைக்கு மாதிரி வகுப்பு எடுக்கும்முன் மடிக்கணினியில் கைப்பேசிச் செய்திகள் வராமல் நிறுத்திவைக்க வேண்டும் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவருக்குத் தெரியவில்லை. அதனால் தேர்வுக்குழுவின் ஐந்து பேர் முன்னிலையில், ப்ரொஜெக்டர் சுவரில் காட்டிய நூறு வருஷத்துக்கு முந்தைய துறைமுகக் கூலிப் பட்டியலின் தலையில், மனைவியின் செய்தி சுவரளவுக்கு வந்து உட்கார்ந்தது.

"சம்பளம் கேட்டீங்களா? நான் வேலைய விடறேனா இல்லையான்னு அஞ்சு மணிக்குள்ள இங்க ஆஸ்பத்திரில சொல்லணும்."

அதை மூடுவதற்குள் அடுத்தது.

"வழக்கம்போல நெளிஞ்சுக்கிட்டு நிக்காதீங்க."

நெளிந்துகொண்டுதான் நின்றார்.

ஐந்து பேரும் படித்தார்கள். ஐந்து பேரும் படிக்கவில்லை. துறைத்தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓரத்தில் இருந்தவர், மூட்டைக் கூலி மழைக்காலத்தில் ஏறுமா என்று கேட்டார். எவ்வளவு ஏறும் என்று சல்லிக்காசு பிசகாமல் சொன்னார் நம்மவர். செத்துப்போன சுமைகூலிகள் அத்தனை பேரின் கூலியும் அவருக்கு அத்துப்படி. தன்னுடையதுதான் தெரியாது.

கடைசியில், "நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார்கள். நூலகம் எத்தனை மணிவரை என்று கேட்டார். ஐந்து முகங்களிலும் உயிர் வந்தது.

எல்லாம் மச்சான் செய்த உபதேசம். "சம்பளப் பேச்சுல முதல்ல வாயத் திறக்கிறவன் தோத்தான், மாப்ள." மச்சான் பழைய கார் விற்பவர். கார் வியாபாரத்தில் யாராவது ஒருவர் வாயைத் திறந்தே தீர வேண்டும். கல்லூரியில் அப்படியொரு கட்டாயம் இல்லை.

வேலை அவருக்குத்தான், உத்தரவு அடுத்த வாரம் வரும் என்று சொல்லி, கட்டடத்தைச் சுற்றிக்காட்ட அழைத்துப்போனார் துறைத்தலைவி. கால் உடைந்த நாற்காலிகள் அடுக்கிய மாடிப்படி ஏறும்போது வீட்டு வாடகையை விசாரித்தார் நம்மவர். இறங்கும்போது பேருந்துக் கட்டணத்தை. அந்த அம்மாள் இரண்டுக்கும் விவரமாகப் பதில் சொல்லிவிட்டு, "இங்க எல்லாரும் ஒரே குடும்பம் மாதிரி" என்றார். குடும்பத்தில் யாருக்கும் சம்பளம் கிடையாது.

மணி நாலே முக்கால். பதினொரு வருஷமாகக் கண் மருத்துவமனையில் அடுத்தவர் பார்வையைச் சோதிக்கிற மனைவி, இந்நேரம் கடிகாரத்தைச் சோதித்துக்கொண்டிருப்பாள். வாசல் கேட் வந்துவிட்டது. மச்சானை மனசுக்குள் ஒருமுறை திட்டிவிட்டு நின்றார்.

"மேடம், சம்பளம் எவ்வளவு?"

வெறும் மூன்று வார்த்தை. வானம் இடிந்து விழவில்லை. துறைத்தலைவி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டார். காலையிலிருந்து 'சார்' என்று கூப்பிட்டவர் அவர்.

"முப்பத்தெட்டாயிரம். கைக்கு வர்றது முப்பத்திரண்டு. மூணு வருஷத்துக்கு ஏறாது. நான் இதைக் கேக்காமலே சேர்ந்தவ. ஃபோன எடுங்க, தம்பி. வேலைய விட வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."