வாங்க மறுத்த தபால்

அன்று அருப்புக்கோட்டையில் ரேணுகாதேவியும் அவள் அப்பா மொக்கையனும் ஏறிய மூன்றாவது வக்கீல் ஆபீஸ் அது, ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. முதல் வக்கீல் உட்காரச் சொல்வதற்கு முன்பே நாற்பதாயிரம் ஆகும் என்றார். இரண்டாமவர் தங்கமான மனுஷன். குடும்ப வழக்கு எடுப்பதில்லை, நிலத் தகராறு ஏதும் இருந்தால் வாருங்கள் என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார். தங்கள் ஊர் எம்.ரெட்டியபட்டிக் கரிசலில் தகராறு பண்ணும் அளவுக்கு என்ன விளைகிறது என்று மொக்கையன் படியிறங்கும்போது முனகிக்கொண்டே வந்தார்.

மூன்றாவது வக்கீல் சத்யபிரியா மின்விசிறியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "சொல்லுங்கம்மா" என்றாள். இப்படி ஒருத்தர் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அடி, உதை, பிறந்த வீட்டுக்கு வந்தது எல்லாவற்றையும் தாண்டி ரேணுகாதேவி நேரே பிள்ளையிடம் வந்து நின்றாள். மகள் சுவாதிக்கு இப்போது ஏழு வயது. போன வருஷம் முழுப்பரீட்சை லீவுக்கென்று தன் ஊர் பந்தல்குடிக்கு அழைத்துப்போன புருஷன் மாரீஸ்வரன் திருப்பி அனுப்பவில்லை. பார்க்கப் போனால் கதவைச் சாத்துகிறார்கள்.

"வேற எதுவும் வேணாம் மேடம். எம்பிள்ள வந்தாப் போதும்."

"பொம்பளப் பிள்ள, சின்ன வயசு. அம்மாகிட்ட விடச் சொல்லிக் கேக்கலாம்."

ஃபீஸ் பதினைந்தாயிரம், இரண்டு தவணையாகத் தரலாம் என்றாள். ஆடு விற்ற எட்டாயிரம் கையில் இருந்தது. ரேணுகாதேவிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

எதிர்ப்பக்கம் ஏதும் வழக்குப் போட்டிருக்கிறதா என்று சத்யபிரியா கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டிப் பார்த்தாள். திரையை இன்னொரு தடவை மேலிருந்து படித்தாள்.

"கேஸு நடந்து முடிஞ்சிருக்கேம்மா. நீங்க ஆஜராகலைன்னு ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே தீர்ப்பாயிருக்கு. விவாகரத்தும் ஆச்சு, பிள்ளையும் அவருகிட்டன்னு இருக்கு. நோட்டீஸ் வரலையா?"

மொக்கையன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வந்துச்சு தாயி, ரெண்டு தடவ. தபால்காரர் எம்புட்டோ சொன்னாரு. தொடவே இல்லையே."

அதில் அவருக்குப் பெருமைதான். அவர்கள் ஊரில் கல்யாணத்தைத் தீர்த்துவிடுவதென்றால் பெரியவர்கள் முன்னால் வெற்றிலை வைப்பார்கள். எதிர்ப்பக்கம் அதை எடுக்காதவரை பேச்சே தொடங்காது. அப்படி இழுத்தடித்து, கடைசியில் சேர்ந்து வாழ்ந்தவர்களும் உண்டு. கோர்ட்டுத் தபாலும் அப்படித்தான் என்று வீடே நம்பியது.

"வாங்க மறுத்தாங்கன்னு தபால்காரர் எழுதி அனுப்பிட்டா, வாங்கின மாதிரிதாங்கய்யா."

அது உள்ளே இறங்க அவருக்கு நேரம் பிடித்தது. முகம் செத்துப்போனது.

"அப்ப நாந்தேன் வாங்கலைன்னு எழுதுங்க தாயி. எம்மகளுக்கு ஒண்ணுந் தெரியாது. காட்டுல பருத்தி எடுத்துக்கிட்டிருந்தா."

சத்யபிரியா பேனாவை எடுத்தாள். "அப்படியாம்மா? நீங்க வீட்டுல இல்லையா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். ஆனால் எழுபது வயது மனுஷனைக் கூண்டில் ஏற்றி, ஊர் முன்னால் பொய் சொல்ல வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"இருந்தேன் மேடம். வேணாம்னு நாந்தான் தலையாட்டுனேன்."

சத்யபிரியா பேனாவை மூடினாள். தீர்ப்பை நீக்கக் கேட்டு ஒரு மனு, தாமதத்தைப் பொறுக்கச் சொல்லி ஒரு மனு, பிள்ளையைப் பார்க்க ஒரு மனு. எத்தனை மாதம் ஆகுமென்று சொல்ல முடியாது, நம்பிக்கையும் கொடுக்க முடியாது என்றாள். ரேணுகாதேவி எட்டாயிரத்தையும் மேஜைமேல் வைத்தாள். வேறென்ன செய்வாள்?

"மனுவோட பிள்ள போட்டோ ஒண்ணு வைப்போம்."

ரேணுகாதேவி போனில் இருந்த படத்தைக் காட்டினாள். மேல்வரிசையில் முன்பல் இரண்டும் விழுந்த வாயோடு சுவாதி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"பழைய படமா இருக்கே. இப்பப் பல்லு மொளச்சிருக்கும்ல?"

ரேணுகாதேவி அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கப் பெரிதாக்கக் கண்ணும் கன்னமும் ஓரமாய் விலகிப்போய், பல்லில்லாத அந்த இடம் மட்டும் திரையில் நின்றது.