மீனில்லாத ஓடை

“கொஞ்சம் நில்லுங்க” என்று வாசல் நிலையில் கையை வைத்து மறித்தாள் செலினா.

சவப்பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் மழையிலேயே நின்றார்கள். அவள் குனிந்து பலகையை முகர்ந்தாள். பச்சைத் தேவதாரு. பிசின்கூடக் காயவில்லை.

“எந்த மரம் வெர்னன்?”

வெர்னன் அவளுடைய இறந்த தம்பி சைரஸுக்கு மைத்துனன், மனைவியின் உடன்பிறந்தவன். மரம் வெட்டும் கம்பெனியில் ரம்பம் பிடிப்பவன். அலாஸ்காவின் டிலிங்கிட் பழங்குடி வீட்டுச் சாவில் சொந்த ரத்தம் கைவைக்கக் கூடாது. காக்கைக் குலத்தானுக்குப் பெட்டி செய்வதும் குழி வெட்டுவதும் மனைவி வழிக் கழுகுக் குலத்தார் வேலை. அவர்கள் கொண்டுவந்ததைத் திருப்பி அனுப்பினால் இரண்டு குலத்துக்கும் தலைகுனிவு.

“நல்ல மரமாப் பாத்துத்தான் அக்கா...”

“எந்த மரம்னு கேட்டேன்.”

“மேல் ஓடைக்கரை மரம். மச்சான் காப்பாத்த நெனச்ச மரமாச்சே, அவருக்கே போகட்டும்னு...”

வன அலுவலகம் கூட்டிய ஒவ்வொரு கூட்டத்திலும் சைரஸ் எழுந்து பேசினான். கரை மரம் போனால் நிழல் போகும், தண்ணீர் சுடும், மண் சரிந்து மீன் முட்டையை மூடும் என்றான். புதிய காட்டுத் திட்டம் மீன் ஓடைகளுக்கு இருகரையிலும் மரங்களை விட்டுவைத்தது. மேல் ஓடையை மட்டும் மீனில்லாத ஓடை என்று குறித்து, கரை மரங்களை வெட்ட விட்டது. கடைசிக் கூட்டத்துக்கு அவன் அந்த ஓடையில் பிடித்த சால்மன் மீன்குஞ்சுகளை ஊறுகாய் பாட்டிலில் கொண்டுபோய் மேசைமேல் வைத்தான். அதிகாரிகள் நன்றி சொன்னார்கள். குறித்தது குறித்தபடியே இருந்தது.

அன்று கடைசி வரிசையில் வெர்னன் இருந்தான். சைரஸோடு அதே ஓடையில் மீன் பிடித்து வளர்ந்தவன். வாயைத் திறக்கவில்லை.

“உள்ள வரட்டும் அண்ணி” என்றாள் சைரஸின் மனைவி லிடியா. “கூட்டத்துல எழுந்தா உக்காரவே மாட்டாரு மனுசன். இப்பவாவது படுக்கட்டும்.”

யாரோ சிரித்தார்கள். செலினா சிரிக்கவில்லை. நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

“கொண்டு வாங்க. இந்த வீட்டு வாசல்லேருந்து யாரையும் திருப்பி அனுப்புனதில்ல.”

அடக்கம் முடிந்ததும் வேலை செய்தவர்களுக்குத்தான் முதல் தட்டு. வெர்னனின் தட்டை அவளே கொண்டுவந்து வைத்தாள். உருளைக்கிழங்கோடு வேகவைத்த சால்மன்.

“தம்பி புடிச்சது. ஃப்ரீசர்ல இது ஒண்ணுதான் மிச்சம்” என்றாள். “மேல் ஓடை மீனு.”

வெர்னன் கையைப் பின்னுக்கு இழுத்தான்.

“சாப்பிடு. மீனே இல்லாத ஓடையாமே.”

சாவு வீட்டில் வைத்த தட்டை ஒதுக்க அவனாலும் முடியாது. தலை நிமிராமல் தின்றான். விரலிடுக்குகளில் பிசின் கறுத்திருந்தது. அவள் நகரவில்லை.

“இன்னும் கொஞ்சம்?”

“போதும்க்கா.”

“அப்ப முள்ளப் பொறுக்கிக்க. எடுத்த தண்ணியிலயே விடணும், அப்பத்தான் மீனு திரும்பி வரும். மறந்திருக்க மாட்டியே?”

அவன் முட்களைக் கைக்குள் பொத்திக்கொண்டு வெளியே போனான்.

சமையலறை ஜன்னலில் முன்பெல்லாம் மரங்கள் மட்டும்தான் தெரியும். இப்போது சரிவு முழுவதும் தெரிந்தது. ஓடை சேறாக ஓடியது. அடிக்கட்டைகளுக்கு நடுவே, கையைத் திறக்காமல், வெர்னன் மழையில் நின்றுகொண்டிருந்தான்.

செலினா அவன் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.