வயிற்றுக்குள் வாடகைக்கு

காலையில் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டே தம்பி இடது முன்னங்கையைச் சொறிந்தான். ஆராய்ச்சி டாக்டர் மருந்துப் பட்டை ஒட்டிய இடம் அது. கண்ணுக்குத் தெரியாத கொக்கிப்புழுக் குஞ்சுகள் அந்த வழியாகத் தோலைத் துளைத்து உள்ளே போகுமாம். குடலில் தங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களை நல்லவிதமாக மாற்றுமாம். மாறினால் குடல் புற்றுநோய் வராமல் தடுக்கலாமா என்று சோதிக்கிறார்கள். எங்கள் அம்மாவையும் மாமாவையும் கொண்டுபோனது அந்த நோய்தான்.

"எல்லாரும் பூச்சி மாத்திரை போடுறாங்க. நீ பூச்சியையே போட்டுக்கிட்டு வந்து நிக்கிற."

"வாடகைக்கு விட்டிருக்கேன்க்கா. உன்னை மாதிரி நொய் நொய்னு பேசாதுங்க."

"ரத்தம் குடிக்கிற ஜந்துடா. மூஞ்சியப் பாரு, வெளிறிக் கிடக்கு."

"முகம் கழுவுனா அப்படித்தான் இருக்கும். நீயும் ஒருநாள் கழுவிப் பாரு."

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் மூன்றாம் மாடியில் ஒரு விரல் உயரம் தூக்கி நிற்கிறது, ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள், சரிசெய்துவிட்டுச் சாப்பிட வருகிறேன் என்று கிளம்பினான்.

சாப்பாட்டு நேரத்துக்கு அவனுடைய சூப்பர்வைசர்தான் வந்தார்.

"லிஃப்டுக்கு மேல நின்னு வேலை பாத்தான். மயக்கம் வந்து விழுந்துட்டான்ம்மா. புழு வைத்தியம்னு ஏதோ பண்ணிக்கிட்டான்ல…"

பிணவறை வாசலில் ஆராய்ச்சி டாக்டர் காத்திருந்தார். பிரேதப் பரிசோதனையில் குடலையும் பார்க்க என் சம்மதம் வேண்டும் என்றார்.

"எதை மறைக்க வந்தீங்க?"

"நான் உள்ளயே போகமாட்டேன்ம்மா. இந்த ஆஸ்பத்திரி டாக்டரே பாக்கட்டும், உங்ககிட்டயே சொல்லட்டும்."

"உங்க புழுதான் அவனைக் கொன்னுச்சுன்னா?"

"அது எனக்கும் தெரிஞ்சாகணும்."

அவரை நம்பாமல்தான் சம்மதித்தேன்.

குடலில் ஒரு புழுகூட இல்லை. ரத்தசோகையும் இல்லை என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். அதன் பிறகே ஆராய்ச்சிக்காரர்கள் தங்கள் பதிவைத் திறந்து பார்த்தார்கள். பாதிப் பேருக்குப் புழு இல்லாத பட்டைதான் ஒட்டுவார்களாம். யாருக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று அதிலும் அரிக்கிற மருந்து தடவுவார்களாம். தம்பிக்கு ஒட்டியது அதுதான். அவன் வாடகைக்கு விட்ட வீட்டில் யாருமே குடிவரவில்லை.

அப்படியென்றால் மயக்கம் எங்கிருந்து வந்தது? அதைக் கண்ணால் பார்த்தவர் யார்? லிஃப்டுக்கு மேல் ஆள் நிற்கும்போது யாரும் அதை ஓட்டக் கூடாது என்று தம்பி அடிக்கடி சொல்வான். சூப்பர்வைசரைத் தேடி அந்தக் கட்டடத்துக்கே போனேன்.

"அவன் மேல நிக்கறப்ப லிஃப்டை ஓட்டுனது யாரு?"

"அதான் மயக்கம்னு சொன்னேனேம்மா."

"வயித்துல புழுவே இல்லையாம்."

அவர் கையிலிருந்த சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேறொரு கட்டடத்தில் அவசர வேலை என்று போய்விட்டார்.

போலீசில் எழுதிக் கொடுப்பதற்கு முன் நானே லிஃப்டில் ஏறி மூன்றை அழுத்தினேன். கதவு திறந்தது. தம்பி வேலையை முடிக்கும் முன்பே ஓட்டிவிட்ட லிஃப்ட், இன்னும் தளத்தைவிட ஒரு விரல் உயரத்தில்தான் நின்றது.