வாழ்த்துக்கு எதற்குக் காவல்

நெவில் டாசனின் பதில் வந்தபோது கெர்ரி, இறைச்சி வைத்துச் சுட்ட மீட் பையைப் பாதி தின்றிருந்தாள். மீதியை அப்படியே காகிதத்தில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். பக்கத்து மேஜையில் உதிரிபாகக் கணக்குப் பார்க்கிறவள் நான். டூவூம்பாவில் எங்கள் கம்பெனி இறைச்சி ஆலைகளுக்குக் குளிர் அறைக் கதவுகள் விற்கிறது. விற்பது கெர்ரி.

வேலைத் தொடர்புகளுக்கான வலைத்தளத்தில் அவள் பெயரில் தானாகச் செய்தி அனுப்பும் மென்பொருள் ஒன்றை முதலாளி மரே வாங்கிப் போட்டிருந்தார். ஊரெல்லாம் வலை வீச வேண்டும் என்பது அவர் ஆசை. கெர்ரி ஒப்புக்கொள்ளவில்லை. தினம் கொஞ்சம் பேருக்குத்தான் போகும், ஒவ்வொன்றையும் நான் படித்துப் பார்த்த பிறகுதான் போகும் என்று பிடிவாதமாக நின்றாள். அவளுடைய அப்பா வீட்டுக்கு விற்பனைக்காரர்கள் விடாமல் போன் செய்து கிழவரை அழவைத்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஒன்றை மட்டும் மெஷின் போக்கில் விட்டிருந்தாள். யாராவது ஒரே இடத்தில் பத்து வருஷம், இருபது வருஷம் முடித்தால் போகிற வாழ்த்து. நல்ல வார்த்தைதானே, அதற்கு எதற்குக் காவல் என்று நினைத்துவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

நெவில் எழுதியிருந்தார்: "ரொம்ப நன்றிம்மா. இருபத்தஞ்சு வருஷம்னு உனக்காவது ஞாபகம் இருந்துச்சே. பிப்ரவரியிலயே என்னை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அந்த வலைத்தளத்துல என் பக்கத்தை மாத்த இன்னும் மனசு வரல. ஆலையிலருந்து ஒருத்தன்கூட போன் பண்ணல. நீ எழுதினதை என் பொண்டாட்டி ஜூனுக்குப் படிச்சுக் காட்டினேன்."

ராக்ஹாம்ப்டன் ஆலை ஒன்றில் பராமரிப்பு மேலாளராக இருந்தவர். ஒரு கண்காட்சியில் கெர்ரி ஒருமுறை கைகுலுக்கியிருக்கிறாள், முகம்கூட நினைவில்லை.

மரே எட்டிப் பார்த்தார். "வேலை போனா என்ன, அந்தாளுக்கு ஆலை ஆலையா ஆள் தெரியும். விட்டுடாத கெர்ரி, தானா வந்து விழுந்திருக்கு."

"அவரு மீனா மரே, விழறதுக்கு?" என்றாள் கெர்ரி. மரே கெட்டவர் இல்லை, வாய்தான் கொஞ்சம் முந்தும்.

அன்று மாலை வரை பதில் எழுதி எழுதி அழித்தாள். வாழ்த்து அனுப்புவதை மெஷினிடமிருந்து பிடுங்கினாள். ஆனால் வாழ்த்துக்குப் பதில் போட்டவர்களுக்குத் தானாகவே அடுத்த செய்தி போகும் வரிசை ஒன்று இருந்தது; அதில் ஏற்கெனவே ஏறியிருந்த நெவிலின் பெயரை நீக்க மறந்துபோனாள். மறுநாள் காலை அவள் வருவதற்குள், ‘பத்து நிமிடம் பேசலாமா?’ என்ற அடுத்த செய்தி போய்விட்டது. நெவில் உடனே வியாழக்கிழமை பத்து மணி என்று ஒப்புக்கொண்டிருந்தார்.

"சும்மா பேசிட்டு வெச்சுடு, மெஷின்னு சொல்லாத" என்றேன். "சந்தோஷமா இருக்காரு, போகட்டுமே."

"அந்த சந்தோஷத்தை நான் குடுக்கலையே" என்றாள்.

வியாழக்கிழமை திரையில் வந்தவர் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். பின்னால் சமையலறை, மேஜையில் ஒரு தட்டு லாமிங்டன் கேக்.

"சட்டைக்கு இஸ்திரி போட்டேன்மா. யாருக்குக் கல்யாணம்னு ஜூன் கேக்கறா" என்று சிரித்தார். "சொல்லு, என்ன கதவு விக்கணும்?"

கெர்ரியின் கழுத்து சிவந்தது. "நெவ், முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். அந்த வாழ்த்து நான் எழுதினது இல்ல. மெஷின் தானா அனுப்பினது."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. "பேசலாமான்னு கேட்டது?"

"அதுவும்தான். உங்களுக்கு வேலை போனது எனக்குத் தெரியாது. மன்னிச்சுடுங்க."

"ஜூன்கிட்ட சொல்லிட்டேனே, ஒரு பொண்ணு ஞாபகம் வெச்சிருக்கான்னு." சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டுக்கொண்டார். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை. "இப்ப பேசறது யாரு?"

"நான்தான் நெவ்."

"எப்படி நம்பறது?"

"மூக்கு ஒழுகுது, பாருங்க. மெஷினுக்கு ஒழுகாது."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து போனார். திரையில் காலி நாற்காலியும் லாமிங்டன் தட்டும் மட்டும் இருந்தன. முடிந்தது, வெச்சுடு என்று மரே வாசலிலிருந்து கையைக் காட்டினார். கெர்ரி மௌஸைத் தொடவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை.

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. "ஜூன், அந்தப் பொண்ணு அதை எழுதலையாம். மெஷினாம்... இல்ல, இன்னும் லைன்லதான் இருக்கா. அழறா. நீ வந்து பாரேன்."

தரையில் ஏதோ இழுபடும் சத்தம் வந்தது. மோதிரம் போட்ட ஒரு கை, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது.