கம்பிக்கு அடியில் விரிசல்

தம்பி கல்யாணத்துக்கு பேனர் போடச் சொன்னால், நாலு ரோஜாப்பூவை வைத்துவிட்டுப் பேசாமல் போயிருக்கலாம். சிவசங்கரிக்கு அது போதாது. ஜமுனாமரத்தூர் பேனர் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், கை சும்மா இருக்குமா? "அக்கா, கையில நாட்டுத் துப்பாக்கி வெச்ச மாதிரி மாஸா போடுக்கா" என்று ரஞ்சித் கேட்டான். நெட்டில் கிடந்ததெல்லாம் பொம்மை மாதிரி இருந்தது. தானே போட்டோஷாப்பில் உட்கார்ந்துவிட்டாள். முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு நீளப் பட்டை. நடுவில் வெளிச்சக் கோடு, ஓரத்தில் இருட்டு; பட்டை உருண்டு குழலாகிவிட்டது. அதன்மேல் கீறல், எண்ணெய்ப் பிசுக்கு, விசைப் பக்கம் கொஞ்சம் துரு. அடேயப்பா, இரும்பென்றால் இரும்பு! தொட்டால் சில்லென்று இருக்கும்போல.

அந்தச் சில்லிப்புதான் இப்போது அவள் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது.

விடிந்தால் கல்யாணம். பந்தல் போட்டாயிற்று, போளூரிலிருந்து பாத்திரம் வந்து இறங்கியாயிற்று. மத்தியானம் வனத்துறை ஜீப் வந்து பேனருக்கு முன்னால் நின்றது. "இந்தத் துப்பாக்கி எங்கடா?" என்று கேட்டு, மாப்பிள்ளையையே ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். படம் சார், வெறும் படம் சார் என்று அவன் கத்தியதை எவன் காதில் வாங்கினான்? சிவசங்கரி கடை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஆபீசுக்கு ஓடினாள். பின்னாலேயே அப்பா வேடியப்பன், கட்டின புது வேட்டியோடு.

"படம்னு சொல்றே. எவ்ளோ துப்பாக்கி புடிச்சிருக்கேன் தெரியுமா?" என்றார் ரேஞ்சர். "நெஜத் துப்பாக்கிய போட்டோ புடிக்காம இந்தத் துரு வராதும்மா."

"நான் போட்டது சார். ஒண்ணொண்ணா கழட்டிக் காட்டறேன்."

"காட்டு. காட்டிட்டு தம்பிய இட்டுக்கினு போ. இல்லன்னா கேஸுதான்."

மூலை பெஞ்சில் ரஞ்சித் முகத்து நலங்கு மஞ்சள்கூடக் கழுவாமல் உட்கார்ந்திருந்தான். தலையைத் தூக்கவில்லை.

அவள் படத்தைத் திறந்தாள். அது அடுக்கடுக்காகப் போட்டது. ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு கண் அடையாளம், அதை அமுக்கினால் அந்த அடுக்கு மறைந்துவிடும். அமுக்கினாள். துரு போனது. கீறல் போனது. வெளிச்சக் கோடு போனதும் குழல் தட்டைப் பட்டையாகச் செத்துக் கிடந்தது. ரேஞ்சர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அட, ஆமா!" என்றார். அவளுக்கு மூச்சு வந்தது.

அடுத்த அடுக்கு, பின்கட்டையில் சுற்றியிருந்த செப்புக்கம்பி. விரல் அங்கேயே நின்றுவிட்டது. ஐயோ சாமி!

கம்பிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியும். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, சாமைக் கொல்லையில் மேலே பாய்ந்த பன்றியை அப்பா துப்பாக்கிக் கட்டையாலேயே அடித்தார். கட்டை விரிசல் விட்டது. அவர் கம்பி சுற்ற, முனையைப் பிடித்துக்கொண்டவள் இவள்தான். பிற்பாடு, துப்பாக்கி இருந்தால் கொடுத்துவிடுங்கள், கேஸ் கிடையாது என்று தண்டோரா போட்டார்கள். கொடுத்தால் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து அப்பா அதைக் கூரைக்குள் சொருகினார். இன்றுவரை அங்கேதான். அதைப் பார்த்துப் போட வேண்டுமென்று அவள் நினைக்கவே இல்லை, கை தானாகப் போட்டுவிட்டது. மேலே கம்பியை மட்டும் போட்டுத் தொலைத்திருக்கலாம். அடியில் இருப்பதையும் போட்டால்தான் மேலே இருப்பது நிஜமாகத் தெரியும் என்று ஒரு பழக்கம். பாழாய்ப்போன பழக்கம்!

"இன்னாம்மா நிறுத்திட்ட? அதையும் எடு."

"இவ்ளோ போதாதா சார்?"

"எடும்மா."

திரையில் அம்பை வேறெங்கோ ஓட்டினாள். இழுத்துவந்து அமுக்கினாள். கம்பி மறைந்தது. கட்டையில் கோணலாக அந்த விரிசல், அச்சு அசலாக. ரேஞ்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டே குனிந்தார். முதுகுக்குப் பின்னால் அப்பாவின் மூச்சு பெரிதாகக் கேட்டது. திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை. பேசாம இருப்பா, பேசாம இருப்பா என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

ரேஞ்சர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. மேஜைமேல் பிடுங்கி வைத்திருந்த ரஞ்சித்தின் செல்போனை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"அய்யா, புள்ளைய வுட்டுடுங்க" என்றார் வேடியப்பன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. "கம்பியப் பிரிச்சி உள்ள கீற விரிசலையே பாத்துட்டீங்க. இனிமே இன்னாத்த மறைக்கிறது? வூட்டுக் கூரையிலதான் கீது. நானே எடுத்தாந்து குடுத்துடறேன்."

ரேஞ்சரின் சிரிப்பு அப்படியே நின்றது. அவர் திரையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கடைசியில் சிவசங்கரியைப் பார்த்தார்.

அவர் ஒண்ணும் கண்டுபிடிக்கலப்பா, ஒண்ணுமே கண்டுபிடிக்கல என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. அதைக்கூடச் சொல்ல முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ரஞ்சித் எழுந்த பெஞ்சில் அப்பா போய் உட்கார்ந்தார். "அழுவாத பாப்பா" என்றார். "உன் மேல தப்பில்ல, மிஷினு காட்டிக் குடுத்துடுச்சி. நீ போயி தம்பி தாலி கட்டற வேலையப் பாரு."